எங்கள் ஊரில் பழைய மால் இருந்த இடத்தில் புது அடுக்குமாடி வீடுகள் வர வேண்டும் என்று சிட்டி கவுன்சிலிடம் கேட்கும் சிறு குழு நாங்கள். பத்திரிகைகளை எப்படி அணுகுவது? பயன் உண்டா?

ஊர் பெயரை நீங்கள் போடவில்லை. ‘சிட்டி கவுன்சில்’, ‘பழைய மால் இருந்த இடம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கலிஃபோர்னியா, அதிலும் பே ஏரியா (சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய ஊர்கள்) என்று வைத்துக்கொள்கிறேன். வேறு இடம் என்றால் நான் சொல்வதில் பாதிதான் பொருந்தும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பத்திரிகைக்காரன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எந்த பில்டரிடமும் ஒரு காபிகூட வாங்கிக் குடித்ததில்லை. ‘உனக்குச் சொந்த வீடு இருக்கிறதே, நீ ஏன் பேசுகிறாய்’ என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: ஆமாம், இருக்கிறது, 2012-இல் வாங்கியது. இங்கே 1978-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த ப்ரொபொசிஷன் 13 என்ற சட்டத்தின்படி வாங்கிய விலையை வைத்துத்தான் சொத்து வரி. மதிப்பீடு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதே மாதிரி வீட்டை இப்போது வாங்கிப் பக்கத்தில் குடிவந்தவர் என்னைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கட்டுகிறார். தினமும் அவர் முகத்தில் விழிக்கிறேன். பேசாமல் எப்படி இருப்பது?

சரி, கதைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் செத்துப்போன கடைவரிசை ஒன்று. ஒரு மெத்தைக் கடை, மூடிக்கிடந்த ஒரு பீட்சா கடை, மிச்சமெல்லாம் பார்க்கிங். 2022-இல் அங்கே ஆறு மாடி அபார்ட்மெண்ட் கட்ட விண்ணப்பம் வந்தது. ஆதரவாக நாங்கள் ஒன்பது பேர். எதிர்ப்பவர்கள் ஊர் முழுக்க. எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவிலேயே ஒருவர், வந்த புதிதில் இரண்டு பெட்ரூமில் ஆறு பேராகக் கிடந்தவர், ‘அபார்ட்மெண்ட் வந்தால் ஸ்கூல் ரேட்டிங் போய்விடும்’ என்று மனுவுக்குக் கையெழுத்து வேட்டை நடத்தினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பதினான்கு பத்தியில் ஒரு பிரஸ் ரிலீஸ் எழுதினேன். மாநிலம் எட்டு வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊருக்கும் ஒதுக்கும் வீட்டு இலக்கு, எங்கள் ஊர் கட்டிக் கிழித்தது எவ்வளவு, இரண்டு அட்டவணை, ஒரு வரைபடம். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு ரிப்போர்ட்டர்களுக்கு அனுப்பினேன். பத்துப் பேரிடமிருந்து பதிலே இல்லை. ஒரு பெண் மட்டும் திங்கட்கிழமை போன் செய்தார். ‘வாடகை கட்ட முடியாமல் தூரத்திலிருந்து வந்து போகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? பெயர் போட்டுப் பேசுவாரா?’ என்று கேட்டார். நான் மறுபடி அட்டவணையை ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், பாவம்.

கட்டுரை வந்தது. மேலே அரைப்பக்கப் படம்: மனை ஓரத்து வீட்டுப் பெரியவர் தன் எலுமிச்சை மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாற்பது வருட மரம், ஆறு மாடி வந்தால் பிற்பகல் வெயில் போய்விடும் என்கிறார். என் அட்டவணைக்குப் பன்னிரண்டாம் பத்தியில் ஒரே ஒரு வரி. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கே மரத்தின்மேல் இரக்கம் வந்துவிட்டது.

அந்த ஒரு வரியிலும் என் பெயர் இல்லை, அப்பா பெயர்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்ன அன்றைக்குப் பிடித்த சனி இது. மருந்துக்கடையில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஆபீஸ் மெயிலிலும் அதேதான். மகளுக்கு என் பெயர் கடைசிப் பெயர், எனக்கு என் அப்பா பெயர் கடைசிப் பெயர். விமான நிலையத்தில் ‘இவள் உங்கள் மகள்தானா’ என்று ஒரு அதிகாரி இரண்டு தடவை கேட்டார். ‘எங்களில் குடும்பப் பெயர் கிடையாது’ என்று எத்தனை பேரிடம் பாடம் நடத்தியாயிற்று. இப்போது 2009-இல் போய்ச் சேர்ந்த என் அப்பா, அமெரிக்காவையே பார்க்காதவர், ஆறு மாடிக் கட்டடத்துக்கு ஆதரவு தெரிவிக்கிறார். கும்பகோணத்தில் அம்மா அந்தக் கட்டுரையை பிரிண்ட் எடுக்கச் சொல்லி, லேமினேட் செய்து சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள். திருத்தம் கேட்கவில்லை, விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன், இதுவரை எந்தச் செய்தி ஊரை அசைத்தது என்று. 2016 ஆகஸ்டில், பே ஏரியாவிலேயே உள்ள பாலோ ஆல்டோவின் நகரத் திட்டக் குழுவிலிருந்து கேட் டவுனிங் ராஜினாமா செய்தார். வழக்கறிஞர், கணவர் மென்பொருள்காரர். இன்னொரு தம்பதியோடு சேர்ந்து ஒரே வீட்டுக்கு மாதம் 6,200 டாலர் வாடகை கட்டுகிறோம், அதே வீட்டை வாங்கினால் 27 லட்சம் டாலர், அதனால் ஊரைவிட்டே போகிறோம் என்று ராஜினாமாக் கடிதத்தை மீடியம் தளத்தில் போட்டார். பெரிய பத்திரிகை எல்லாம் எடுத்து எழுதின. அந்தக் குழுவின் கூட்டக் குறிப்புகளை அதற்குமுன் யார் படித்தார்கள்?

இன்னொன்று உட்சைடு. தனி வீட்டு மனையில் இரண்டு வீடு கட்டலாம் என்ற எஸ்பி 9 சட்டம் 2022 ஜனவரியில் அமலுக்கு வந்ததும், அந்தப் பணக்கார ஊர், ‘எங்கள் ஊர் முழுவதும் மலைச்சிங்கத்தின் (ப்யூமா) வாழிடம், சட்டம் எங்களுக்குப் பொருந்தாது’ என்றது. செய்தி பரவி நாடே சிரித்தது. பிப்ரவரியில் மாநில அட்டர்னி ஜெனரல் ராப் போண்டா ஒரு கடிதம் போட்டார். ஊர் உடனே பின்வாங்கியது. கடிதத்துக்குச் சட்டபலம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அத்தனை பேர் சிரித்திராவிட்டால் அந்தக் கடிதம் இவ்வளவு சீக்கிரம் போயிருக்குமா என்பது சந்தேகம்.

எங்களிடம் சிங்கம் இல்லை. என் சின்னவளைப் பார்த்துக்கொண்ட டேகேரில் ஒரு அம்மா வேலை செய்தார். மலைக்கு அந்தப் பக்கம், ட்ரேசி என்ற ஊரில் குடியிருப்பு. காலை நாலரைக்குக் கிளம்பி, 580 நெடுஞ்சாலையில் ஆல்டமாண்ட் கணவாய் ஏறி இறங்கி ஆறு மணிக்கு இங்கே வந்து, டேகேர் திறக்கும்வரை காரிலேயே தூங்குவார். பின் சீட்டில் ஒரு தலையணை, பூப்போட்ட உறை. ரிப்போர்ட்டரை அவரிடம் அழைத்துப்போனேன். அடுத்த கட்டுரையில் அந்தத் தலையணை வந்தது. கவுன்சில் கூட்டத்தில் மூன்று பேர் அந்தத் தலையணையைப் பற்றிப் பேசினார்கள், எதிர்த்து வந்த ஒரு அம்மையார் உட்பட. ராத்திரி ஒரு மணிக்கு 3-2 என்று நிறைவேறியது, ஒரு மாடியைக் குறைத்துக்கொண்டு. கட்டுரையால்தான் நிறைவேறியது என்று நான் சொல்லவில்லை. பில்டரின் வக்கீலும் சும்மா வரவில்லை.

இப்போது எனக்கு உறுத்துகிற பகுதி. அவர் பேச்சோடு பேச்சாகத் தன் சம்பளத்தையும் சொல்லிவிட்டார். பேப்பரில் வந்துவிட்டது. டேகேர் நிர்வாகி அவரைக் கூப்பிட்டு, இனி பத்திரிகையோடு பேசுவதாக இருந்தால் எங்களிடம் கேட்டுவிட்டுப் பேசு என்றாராம். வேலை போகவில்லை. ஆனால் அதற்குப்பின் மாலையில் குழந்தையை ஒப்படைக்கும்போது என் முகத்தைப் பார்த்து அவர் சிரித்ததில்லை. அவர் ரிப்போர்ட்டரிடம் பேசியபோது நானும் பக்கத்திலேயே நின்றேன். ‘சம்பளத்தைச் சொல்லாதீர்கள்’ என்று முன்கூட்டியே சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தலையணையைப் பார்த்ததும் ரிப்போர்ட்டர் எழுத ஆரம்பித்த வேகத்தைப் பார்த்துச் சந்தோஷத்தில் நின்றிருந்தேன்.

அதனால் உங்களுக்கு: யாரையாவது பேச வைக்கிறீர்கள் என்றால், எது பேப்பரில் வரக்கூடாது என்று முதல்நாளே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். சொல்லி முடித்தபின் ‘இது ஆஃப் த ரெக்கார்ட், பேப்பரில் போடாதீர்கள்’ என்றால் செல்லாது. வாயைத் திறப்பதற்குமுன் ரிப்போர்ட்டர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கட்டுரையை அச்சுக்குமுன் காட்டமாட்டார்கள், கேட்டு மூக்குடைபடாதீர்கள். ஆசிரியருக்குக் கடிதம் என்றால், வந்த செய்திக்குப் பதிலாக, இரண்டு மூன்று நாளுக்குள், சின்னதாக. எழுதுகிறவர் பில்டரோடு தொடர்புள்ளவர் என்றால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எதிராளி கண்டுபிடித்துச் சொன்னால் குழுவே போச்சு.

கவுன்சில் கூட்டங்கள் மக்கள் முன்னால் நடக்க வேண்டும் என்கிற கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் நிகழ்ச்சி நிரலை வெளியிட்டால் போதும். செவ்வாய் சாயங்காலக் கூட்டம் என்றால் பெரும்பாலும் வெள்ளியன்றுதான் கண்ணில் படும். அதைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தால் ரிப்போர்ட்டர் வீட்டுக்குப் போயிருப்பார். திட்ட அலுவலகத்துக்கு போன் செய்து உங்கள் விஷயம் எந்தத் தேதிக்கு வருகிறது என்று இப்போதே கேளுங்கள். தெரிந்த அன்றே எழுதுங்கள், ஐந்து வரி போதும். உங்கள் பெயரையும் எப்படிப் போட வேண்டும் என்று ஒருமுறை எழுத்துக்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.