வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்வரும் சுற்றுச்சூழல் அதிகாரிகளால் ஊருக்கு ஏதாவது பயன் உண்டா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: வளரும் நாடுகளிலிருந்து சுற்றுச்சூழல் நிர்வாகத்தில் இருப்பவர்களை ஜப்பான், ஜெர்மனி என்று கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுக்கிறார்களே, அதனால் உண்மையில் ஏதாவது மாறுகிறதா, இல்லை ஊர் சுற்றிப் பார்ப்பதோடு சரியா?

மாறுகிறது. ஆனால் யாரை அனுப்புகிறார்கள், திரும்பி வந்தவரை எந்த இடத்தில் வைக்கிறார்கள், கற்றுக்கொடுத்தவர்கள் அப்புறம் இவருடைய ஊருக்கு வந்து கூட நின்று வேலை செய்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான். வகுப்பில் என்ன பாடம் நடத்தினார்கள் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

நான் ஒரு நகராட்சியில் திடக்கழிவு வேலை பார்த்த பொறியாளர். ஜப்பான் அரசின் ஜைக்கா அமைப்பு கிட்டாக்கியூஷு நகரில் நடத்தும் பயிற்சிக்குப் போய்வந்தவன், அதனால் ஜப்பான் கதையே இங்கே அதிகம் வரும்.

கிட்டாக்கியூஷு என்பது கியூஷு தீவின் வடமுனையில் இருக்கும் இரும்பாலை ஊர். 1901-ல் யவாட்டா உருக்காலை அங்கே ஓடத் தொடங்கியது. 1960-களில் அந்த ஊர்க் காற்றில் கரித்தூள் கொட்டியது, பக்கத்திலிருக்கும் டோகாய் விரிகுடாவைச் சாவுக்கடல் என்றே சொன்னார்கள். முதலில் எழுந்தவர்கள் டோபாட்டா பகுதிப் பெண்கள். அவர்கள் வீட்டு ஆண்களில் பலருக்கு அதே ஆலைகளில்தான் வேலை, இருந்தும் விடவில்லை. வெளியே துணியைக் கட்டித் தொங்கவிட்டு எவ்வளவு கரி படிகிறது என்று பார்த்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் லீவு போடுகிறார்கள் என்று கணக்கெடுத்து அதைப் புகையோடு ஒப்பிட்டார்கள், 1965-ல் தாங்களே ஒரு குறும்படமும் எடுத்துக் காட்டினார்கள். அதன் பிறகுதான் நகராட்சியும் ஆலைகளும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, விரிகுடாவின் அடியில் தேங்கியிருந்த பாதரசச் சேற்றைத் தோண்டி எடுத்தார்கள், செலவில் பெரும்பங்கை ஆலைகளே கட்டின. 1990-ல் ஐநா சுற்றுச்சூழல் திட்டம் அந்த நகரத்துக்கு குளோபல் 500 விருது கொடுத்தது. வெளிநாட்டவருக்குப் பயிற்சி கொடுக்க 1980-லேயே கீட்டா என்றொரு சங்கத்தை அங்கே ஆரம்பித்துவிட்டார்கள், அதில் பாடம் எடுப்பவர்களில் பலர் இதே ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர்கள். இது சாதாரண விஷயம் இல்லை. புகை வந்தபோதும் அங்கே இருந்து, அது நின்றபோதும் அங்கே இருந்த ஒருவர், எந்த அடுப்பில் எதை மாற்றினோம், முதலாளி எதற்கு முதலில் மறுத்தார், எதைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார் என்று சொல்லும்போது கேட்பவருக்குத் தன் ஊர் முதலாளியின் முகம் ஞாபகத்துக்கு வரும். புத்தகம் படித்துவிட்டு வந்து சொல்பவரால் அது முடியாது.

ஆனால் அங்கேயும் ஒரு பிரச்சினை உண்டு. ஜப்பானில் நகரக் குப்பையில் பெரும்பகுதியை எரித்துவிடுகிறார்கள், அதனால் பயிற்சிக்கு வருகிறவர்களை எரியாலைகளுக்கும் அழைத்துப்போகிறார்கள். பளபளவென்று, வாடையே இல்லாமல், கண்ணாடிக்குப் பின்னால் பெரிய இரும்புக்கை குப்பையை அள்ளி அள்ளிப் போடும். பார்த்துவிட்டு ஊருக்கு வருகிற ஆணையர் நமக்கும் ஒன்று வேண்டும் என்பார். நம்மைப் போன்ற நாடுகளின் குப்பையில் பாதிக்கு மேல் சாப்பாட்டு மிச்சமும் காய்கறித் தோலும்தான், ஈரம் சொட்டும், கூடுதலாக எரிபொருள் ஊற்றாமல் எரியவே எரியாது. கட்டி முடித்துக் கொஞ்ச காலத்தில் பூட்டப்பட்ட ஆலைகள் பல நாடுகளில் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் அதே ஊர்க்காரர்தான் செய்தார். இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்தில் கெபுத்தி குப்பைக் கிடங்கை அக்கம்பக்கத்து மக்கள் போராடி 2001-ல் மூடவைத்தார்கள், குப்பை நகரம் முழுக்கத் தேங்கியது. கிட்டாக்கியூஷுவைச் சேர்ந்த கோஜி தகாகுரா 2004 வாக்கில் அங்கே போய், புஸ்தகோட்டா என்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து வேலை பார்த்தார். ஜப்பானிலிருந்து நுண்ணுயிர்ப் பொடி எதையும் வரவழைக்கவில்லை. அங்கே வீடுகளில் இருக்கும் தெம்பே (புளிக்கவைத்த சோயா), தாப்பே (புளிக்கவைத்த மரவள்ளி அல்லது அரிசி), தயிர் இவற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்து ஒரு கரைசல், காய்கறி, பழத்தோல்களை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து இன்னொரு கரைசல். இரண்டையும் உமியிலும் தவிட்டிலும் ஊற்றிக் கையால் பிசைந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டக் கூடாது, அந்தப் பதத்தில் மூடி வைத்தால் சில நாளில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து உள்ளே சூடேறும். அதுதான் விதை உரம். அழுக்குத்துணி போட்டுவைக்கும், ஓட்டை ஓட்டையாக இருக்கும் கூடை ஒன்றில் உள்பக்கம் அட்டை சுற்றி, அடியிலும் மேலேயும் உமி மெத்தை வைத்து, நடுவில் இந்த விதை உரம். அன்றாடம் சமையல் மிச்சத்தைப் பொடியாக நறுக்கி அதில் போட்டுக் கிளறிவிட வேண்டும், அவ்வளவுதான். சரியாகச் செய்தால் நாற்றம் கிடையாது. நான் இதை என் கையால் செய்து பார்த்திருக்கிறேன், தெம்பேவுக்குப் பதில் நம் ஊர்ப் புளித்த இட்லி மாவே போதும், கூடைக்குள் கைவிட்டால் வெந்நீரில் விட்ட மாதிரி சுடும்.

சுரபாயா நகராட்சி இந்தக் கூடைகளை ஆயிரக்கணக்கில் வீடுகளுக்குக் கொடுத்தது, தெருத்தெருவாகப் பெண்களைக் கொண்டு குழு அமைத்தது, பேட்டைகளுக்கு இடையே போட்டி வைத்தது. சில ஆண்டுகளில் கிடங்குக்குப் போகும் குப்பை 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அப்போது நகராட்சியில் தூய்மைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த திரி ரிஸ்மஹாரினி என்ற அதிகாரி 2010-ல் அதே நகரத்தின் மேயரானார், 2020 வரை இருந்தார். கவனித்தீர்களா, அந்த வேலையை நடத்திய அதிகாரி பல வருடம் அங்கேயே இருந்தார்.

புனோம் பென் நகரத்தின் கதையும் இப்படித்தான். 1993-ல் கம்போடியத் தலைநகரில் குழாயில் விட்ட தண்ணீரில் 72 சதவீதத்துக்குக் காசு வரவில்லை, பாதி வழியிலேயே கசிந்தது, திருட்டு இணைப்பில் போனது. சர்வாதிகாரி போல் பாட் படித்தவர்களைக் கொன்று குவித்த காலத்துக்குப் பிறகு அங்கே படித்த ஆட்களே குறைவு. அந்த ஆண்டு குடிநீர் வாரியத்தின் பொறுப்பை ஏற்றவர் எக் சொன் சான். 1999-லிருந்து கிட்டாக்கியூஷு குடிநீர்த் துறையின் ஊழியர்கள் மாறி மாறி அங்கே போய்த் தங்கினார்கள். நகரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று இரவும் பகலும் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊரே தூங்கும் நேரத்திலும் ஒரு பகுதியில் ஓட்டம் குறையவில்லை என்றால் அங்கேதான் குழாய் உடைந்திருக்கிறது, போய்த் தோண்டு. சில ஆண்டுகளில் இழப்பு 10 சதவீதத்துக்குக் கீழே வந்தது. பணம் ஜப்பான், பிரான்ஸ், உலக வங்கி என்று பல இடத்திலிருந்து வந்தது உண்மைதான், ஆனால் கடன் வாங்கிய ஊர்களெல்லாம் இப்படி ஆகிவிடவில்லையே. எக் சொன் சான் 2006-ல் மகசேசே விருது வாங்கினார், 2012 வரை அதே பொறுப்பில் இருந்தார். கிட்டத்தட்ட இருபது வருடம்!

இப்போது நம் பக்கம். பயிற்சி முடியும்போது ஒவ்வொருவரும் ஊருக்குப் போய் என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு செயல்திட்டம் எழுதி எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். நான் எங்கள் ஊர்ச் சந்தைக் குப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை இதே விதை உர முறையில் உரமாக்குவது என்று எழுதினேன், வந்ததும் ஆரம்பித்தோம், தூய்மைப் பணியாளர்கள் என்னைவிட வேகமாகப் பதம் பிடித்துக்கொண்டார்கள். அந்த வேலை ஓர் ஒழுங்குக்கு வருவதற்குள் எனக்குப் பணிமாறுதல், அதுவும் சாலைப் பணிப் பிரிவுக்கு. எனக்குப் பின் வந்தவருக்கு உமி வாங்கும் கோப்பு ஏன் இருக்கிறது என்றே தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இதற்கு இன்றுவரை எனக்குக் கோபம் உண்டு. ஒருவருடைய படிப்புக்கு இன்னொரு நாட்டு மக்களின் வரிப்பணம் செலவாகிறது, குறைந்தது மூன்று வருடமாவது அவரை அதே வேலையில் விட்டுவைக்க வேண்டாமா? தூய்மைப் பணி மேற்பார்வையாளர்களை ஏன் யாரும் அனுப்புவதே இல்லை என்பதும் எனக்குப் புரியவில்லை. கூடைக்குள் தினமும் கைவிடப்போவது அவர்கள்தான்.

ஜெர்மனி வேறு வகை. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஐநா சுற்றுச்சூழல் திட்டமும் யுனெஸ்கோவும் சேர்ந்து 1977-ல், அது கிழக்கு ஜெர்மனியாக இருந்தபோதே, ஆரம்பித்த பயிற்சி பல பத்தாண்டுகளாக நடந்துவந்திருக்கிறது. நீண்ட பயிற்சி ஆறு மாதம், இருபது பேர் அளவில்தான் எடுப்பார்கள், ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். சில வாரப் பயிற்சிகளும் உண்டு. சட்டம் எழுதுகிறவர்கள், அனுமதி கொடுக்கிறவர்கள், தேசிய அளவில் திட்டம் போடுகிறவர்கள் இதற்குப் போகலாம், காடு, நீர், மண், கழிவு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஆறு மாதம் வேறு எங்கே கிடைக்கும்? கிடங்கில் நின்று வேலை வாங்குகிறவருக்கு ஆறு மாதம் ஊரை விட்டுப் போவதில் பெரிய லாபம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

நீங்களே போகும் யோசனையில் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், ஜைக்கா பயிற்சிக்கு நாமாக விண்ணப்பம் போட முடியாது, அழைப்பு அரசு வழியாகத் துறைக்கு வரும், துறைதான் பெயர் கொடுக்க வேண்டும். அழைப்போடு வரும் கையேட்டில் யாருக்கான பயிற்சி, எத்தனை நாள் களத்தில், பயிற்சிக்குப் பின் தொடர்வேலை ஏதாவது உண்டா என்று எழுதியிருக்கும், முதலில் அதைப் படியுங்கள். உங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடைபோட்ட கணக்கோடு எழுதி எடுத்துப்போங்கள், எத்தனை டன், அதில் ஈரக்குப்பை எவ்வளவு, ஒரு லோடுக்கு என்ன செலவு என்று. கூடவே உங்களுக்கு அடுத்த நிலையில் இருப்பவரிடம் திட்டத்தை முழுசாகச் சொல்லி, கோப்பிலும் அவர் பெயரைச் சேர்த்துவிட்டுக் கிளம்புங்கள், மாறுதல் உத்தரவு எப்போது வேண்டுமானாலும் வரும்.