பழைய கட்டடம், புது விதிகள்: வாசகர் கேள்வி பதில்

பாரம்பரியக் கட்டடங்களில் கடையும் அலுவலகமும் நடத்துகிறவர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: தீப்பிடித்தால் என்ன செய்வது, நடக்க முடியாதவர் எப்படி உள்ளே வருவது. இந்த இரண்டையும் தனித்தனி வேலையாகப் பிரித்துத் தனித்தனி ஆளிடம் கொடுப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது என்பது என் கட்சி. கீழே அதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கட்டடத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. கீழே கடைகள், மேலே இரண்டு மாடியில் அலுவலகங்கள், நடுவில் திறந்த மரப் படிக்கட்டு. அதைச் சுவர் எழுப்பி மூடச் சொல்கிறார்கள் தீயணைப்புத் துறையினர். படிக்கட்டில் கையே வைக்கக்கூடாது என்கிறார்கள் பாரம்பரியக் குழுவினர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று ஆகிவிட்டது எங்கள் நிலைமை.

பதில்: இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள், அதுவும் ஒப்பந்தக்காரர் உள்ளே வருவதற்கு முன்னால். இப்போது ஒருவர் கடிதம் எழுதுகிறார், அதைத் தூக்கிக்கொண்டு அடுத்தவரிடம் ஓடுகிறீர்கள், அவர் அதற்கு மறுப்பு எழுதுகிறார். கோப்பு தடிக்குமே தவிர வேறொன்றும் நடக்காது.

படிக்கட்டை ஏன் மூடச் சொல்கிறார்கள்? திறந்த படிக்கட்டு தீ நேரத்தில் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். கீழ்க்கடையில் ஓர் அட்டைப்பெட்டிக் குவியல் பற்றிக்கொண்டால் அந்தப் புகை நேரே மேலே ஏறும், மேலே இருப்பவர்கள் இறங்க வேண்டிய அதே வழியில். ஆக, அவர்கள் கேட்பது சுவர் அல்ல, படிக்கட்டுக்குள் புகை வராமல் இருப்பது. சுவர் அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். படிக்கட்டைத் தொடாமல், அதைப் பார்த்துத் திறக்கும் ஒவ்வோர் அறைக் கதவையும் தீ தாங்கும் கதவாக மாற்றலாம். மாடி முகப்பில், படியிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி, தீ தாங்கும் கண்ணாடித் தடுப்பு வைக்கலாம். படி கண்ணுக்குத் தெரியும், புகை தாண்டாது. கட்டடத்தின் பின்பக்கம், பெரும்பாலும் யாரும் பெரிதாக மதிக்காத கழிப்பறைப் பகுதியில், இரண்டாவது படிக்கட்டு ஒன்று வந்தால் பழைய படியின் மேல் இருக்கும் சுமை பாதியாகக் குறையும். பல நாடுகளின் விதிகளில் சமமான பாதுகாப்பைக் காட்டினால் மாற்று வழியை ஏற்றுக்கொள்ள இடம் இருக்கிறது. ஆனால் வாயால் சொன்னால் போதாது, ஒரு தீப்பாதுகாப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்: புகை எத்தனை நிமிடத்தில் தலைமட்டத்துக்கு இறங்கும், அதற்குள் எல்லாரும் வெளியே போய்விடுவார்களா?

கதவு என்றதும் பழைய கதவுகளைக் கழற்றிப் பழைய மரக்கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். அவற்றின் சட்டம் பெரும்பாலும் நல்ல தடிமனாக இருக்கும், பலவீனம் நடுவில் இருக்கும் மெல்லிய பலகையில்தான். அந்தப் பலகைக்குப் பின்னால், சூடேறினால் உப்பிக்கொள்ளும் தாளை ஒட்டலாம். கதவு விளிம்பில் ஒரு பள்ளம் எடுத்து அதே வகைப் பட்டையைப் பதிக்கலாம், புகை அடைக்கும் பிரஷ்ஷும் சேர்த்து. அப்புறம் கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டியது, பழைய கட்டடங்களில் சுண்டுவிரலே நுழையும். தானாக மூடும் க்ளோசர் இல்லாவிட்டால் இவ்வளவும் வீண், ஏனென்றால் காற்றுக்காகக் கதவுக்குக் கல்லை முட்டுக்கொடுக்கும் ஆள் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருக்கிறார்.

கேள்வி: தளம் முழுக்க மர உத்தரம். மரம் என்றாலே ஆபத்து, கான்கிரீட்டாக மாற்றிவிடுங்கள் என்கிறார் எங்கள் பொறியாளர்.

பதில்: வேறு பொறியாளரைப் பாருங்கள். கான்கிரீட் தளத்தின் எடையை உங்கள் பழைய சுவரும் அஸ்திவாரமும் தாங்குமா என்பது தனிக்கேள்வி. அது இருக்கட்டும், தடித்த மரம் நீங்கள் நினைக்கிற அளவு பயந்தாங்கொள்ளி இல்லை. எரியும்போது வெளிப்பக்கம் கரியாகும், அந்தக் கரியே உள்ளே இருக்கும் மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும். மென்மரமே நிமிடத்துக்குச் சுமார் 0.65 முதல் 0.8 மில்லிமீட்டர்தான் கரிகிறது, கடின மரம் இன்னும் மெதுவாக. அரை மணி நேரத்தில் ஒரு பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர் சொச்சம். 30 சென்டிமீட்டர் அகல உத்தரத்தில் இரண்டு பக்கமும் போனாலும் 25 சென்டிமீட்டர் நல்ல மரம் மிச்சம். மூடப்படாத எஃகோ 550 டிகிரி வாக்கில் பாதி வலுவை இழந்துவிடும். உங்கள் கட்டடத்தில் வார்ப்பிரும்புத் தூண்கள் இருந்தால் அவற்றைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன், சூடேறிய வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடக்கூடும். அதற்குச் சூட்டில் உப்பிக்கொள்ளும் பெயிண்ட் இருக்கிறது, தூண் தலையின் பூவேலை மூழ்கிப்போகாத அளவுக்கு மெல்லியதாக அடிக்கச் சொல்லுங்கள்.

உண்மையான ஆபத்து கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்களில் இருக்கிறது. தரைப்பலகைக்கும் கீழ்க்கூரைக்கும் நடுவே, சுவர்ப்பலகைக்குப் பின்னால், நாலு கடைக்கும் பொதுவாக ஓடும் ஓட்டுக்கூரைக்கு அடியில். 2014-இல் கிளாஸ்கோ கலைக் கல்லூரி எரிந்தபோது தீ ஏறிப் பரவ உதவியது பழைய காற்றுக் குழாய்கள்தான். சூடான புரொஜெக்டரில், ஃபோம் டப்பாவிலிருந்து வந்த எரியும் வாயு பட்டுத் தொடங்கிய சின்னத் தீ அது. ஒரு சின்னத் துளைக் கேமராவை வாடகைக்கு எடுத்து உள்ளே விட்டுப் பாருங்கள். நூறு வருடத்தில் மின்சாரக்காரர், குழாய்க்காரர், இணையக் கேபிள்காரர் என்று வந்தவரெல்லாம் சுவரில் ஆளுக்கொரு ஓட்டை போட்டிருப்பார்கள், அடைத்துவிட்டுப் போனவர் ஒருவரும் இருக்க மாட்டார். அந்த ஓட்டைகளைத் தீ தாங்கும் பொருளால் அடைப்பதும், கூரைவெளியைக் கடைக்குக் கடை குறுக்கே தடுப்பதும் யார் கண்ணிலும் படாத வேலை. பாரம்பரியக் குழுவும் அதற்குப் பெரும்பாலும் தலையாட்டிவிடும்.

கேள்வி: தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் வைத்தால் ஒரு சிகரெட் புகைக்கே எல்லாக் குழாயும் திறந்து, கூரை ஓவியமெல்லாம் நாசமாகிவிடாதா?

பதில்: சினிமாவில்தான் அப்படி. சாதாரண ஸ்பிரிங்க்ளருக்குப் புகையே தெரியாது, அது சூட்டுக்கு மட்டும் திறக்கும். தலையில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குமிழ் சிவப்பாக இருந்தால் 68 டிகிரியில் உடையும், அதுவும் தீக்கு மேலே இருக்கும் தலை மட்டும். அது தெளிக்கும் தண்ணீர் தீயணைப்பு வண்டியின் குழாயைவிட எவ்வளவோ குறைவு. இன்னும் குறைவாக வேண்டுமென்றால் நுண்துளி முறை இருக்கிறது, அதன் குழாயும் மெல்லியது, மரவேலைக்குப் பின்னால் ஒளிக்கலாம். நீங்கள் கவலைப்பட வேண்டியது அதற்கான தண்ணீர்த் தொட்டியைப் பற்றி. பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் பத்து டன். அதை மொட்டை மாடியில் ஏற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், தரைக்கடியில் வையுங்கள்.

கேள்வி: வாசலில் மூன்று படி, இரண்டு பக்கமும் செதுக்கிய கல். சாய்தளம் போட்டால் முகப்பே மறைந்துவிடும். சக்கர நாற்காலிக்காரர்கள் பின்பக்கமாக வரட்டுமே, தப்பா?

பதில்: பின்பக்கம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜெனரேட்டரையும் குப்பைத் தொட்டியையும் தாண்டி, பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று வாட்ச்மேனைக் கூப்பிட்டு வர வேண்டியிருந்தால் அதற்குப் பெயர் வழி இல்லை. ஆனால் பக்கவாட்டில் ஒரு நல்ல வாசல் இருந்து, அதையே எல்லாரும் வரும் வாசலாக மாற்றினால் யாரையும் தனியாக ஒதுக்கியதாக ஆகாது. நான் அதற்குத்தான் முதல் ஓட்டுப் போடுவேன்.

கணக்கைப் பாருங்கள். 1:12 என்பது பல நாடுகளில் சாய்தளத்துக்கு வைத்திருக்கும் சரிவு. படி ஒன்று 15 சென்டிமீட்டர் என்றால் மூன்று படிக்கு 45, அதற்கு 5.4 மீட்டர் நீளம். நின்று திரும்ப மேலே ஒன்றரை மீட்டர், கீழே ஒன்றரை மீட்டர் சேர்த்தால் எட்டு மீட்டரைத் தாண்டும். இடம் இல்லை என்று செங்குத்தாக ஒன்றைப் போட்டுப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். முற்றத்தின் தரை மட்டத்தையே மெல்ல மெல்ல உயர்த்தி வாசல் மட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள், முடிந்தால் சாய்தளம் போட்டதே தெரியாது. இல்லாவிட்டால் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்கும் சின்ன லிஃப்ட் மேடை ஒன்று. எதைச் செய்தாலும் கல்லின் மேல் ஒட்டாமல், நாளைக்குக் கழற்றினால் கல் பழையபடி இருக்கும் விதமாகச் செய்யுங்கள்.

வாசலைத் தாண்டிய பிறகு கதவு. பழைய இரட்டைக் கதவில் ஒரு பலகையின் அகலம் 55, 60 சென்டிமீட்டர் இருக்கும், மற்றது எப்போதும் தாழ் போட்டே கிடக்கும். சக்கர நாற்காலிக்கு 80 முதல் 90 சென்டிமீட்டர் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் திறக்கும் மோட்டார் வைத்தால் மரத்தை வெட்டவே வேண்டாம். ஒற்றைக் கதவாக இருந்து நாலைந்து சென்டிமீட்டர்தான் குறைகிறது என்றால், கதவை வழியிலிருந்து முழுக்க விலக்கும் கீல் கிடைக்கிறது, ஆசாரிக்கு அரைநாள் வேலை.

கேள்வி: போன வருடம் லிஃப்ட் போட்டுவிட்டோம். எங்கள் கட்டடம் இனி எல்லாருக்கும் உகந்தது என்று போர்டு வைக்கலாமா?

பதில்: இரண்டாவது மாடியில் சக்கர நாற்காலியில் ஒருவர் இருக்கிறார், அலாரம் அடிக்கிறது. சாதாரண லிஃப்ட்டைத் தீ நேரத்தில் பயன்படுத்தக்கூடாது என்று நீங்களே அதன் பக்கத்தில் எழுதி ஒட்டியிருப்பீர்கள். அவர் என்ன செய்வார்? இதற்குப் பதில் கையில் இருந்தால் போர்டு வையுங்கள்.

நான் முதலில் சொன்ன கட்சி இதுதான். லிஃப்ட்காரர் அவரை மேலே ஏற்றிவிட்டார், வேலை முடிந்தது. தீப்பாதுகாப்புக்காரர் படியில் ஓடி இறங்குகிறவர்களை மட்டும் கணக்கில் எடுத்தார், அவர் வேலையும் முடிந்தது. மேலே இருப்பவர் இரண்டு பேர் கணக்கிலும் இல்லை. செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கட்டடத்தைத் தீ தாங்கும் சுவரால் இரண்டாகப் பிரிக்க முடிந்தால் அதுதான் சிறந்தது, படியே இறங்காமல் அதே தளத்தில் அடுத்த பகுதிக்கு நகர்ந்துவிடலாம். அது முடியாவிட்டால் படிக்கட்டை ஒட்டி, புகை வராத, ஒரு சக்கர நாற்காலி நிற்கும் இடம். அங்கே கீழ்த்தளத்தோடு பேசும் இன்டர்காம் கட்டாயம், புகை நாற்றத்தில் தனியாகக் காத்திருப்பவருக்கு ஒரு குரல் கேட்க வேண்டும். அங்கேயே சுவரில், ஆளை உட்கார வைத்துப் படிவழியே கீழே இறக்கும் நாற்காலி ஒன்று. ஆனால் அதை வாங்குவதற்கு முன் உங்கள் படியில் ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் அது நேர்ப்படிக்குச் செய்தது, சுழன்று இறங்கும் பழைய மரப்படியில் திருப்பத்தில் சிக்கும். ஓட்டத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் வேண்டும். தீயணைப்பு வீரர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்பது திட்டம் ஆகாது.

காது கேளாதவருக்கு மணி அடித்துப் பயன் இல்லை. மின்னும் விளக்கு வேண்டும், முக்கியமாகக் கழிப்பறைக்குள், அவர் தனியாக இருக்கும் இடம் அதுதான். பார்வை குறைந்தவருக்குப் படி விளிம்பில் அழுத்தமான நிறப்பட்டை. அது புகையில் தடுமாறும் எல்லாருக்கும் உதவும்.

கேள்வி: திருட்டுப் பயம். பின்கதவைப் பகலிலும் பூட்டித்தான் வைக்கிறோம். சாவி மேனேஜரிடம் இருக்கிறது.

பதில்: அந்தப் பூட்டை இன்றைக்கே கழற்றுங்கள். 1903-இல் சிகாகோவின் இரோகுவா நாடக அரங்கில் அறுநூறு பேர் இறந்தார்கள், பூட்டிய கதவுகளும் திறக்கத் தெரியாத தாழ்ப்பாள்களும் ஒரு பெரிய காரணம். அதன் பிறகு பரவியதுதான் உடம்பால் தள்ளினாலே கதவைத் திறக்கும் கம்பி. வெளியிலிருந்து திறக்காது, உள்ளிருந்து திறக்கும், திறந்தால் மணி அடிக்கும்படியும் வைக்கலாம். திருடனைத் தடுக்கவும் அது போதும்.

கேள்வி: இவ்வளவுக்கும் பணம் இல்லை. எதில் தொடங்குவது?

பதில்: மின்வயர். அதற்கு அடுத்து மாடிப்படிக்கு அடியில் அடைத்திருக்கும் அட்டை, பழைய கோப்பு, சார்ஜில் கிடக்கும் ஸ்கூட்டர் பேட்டரி, எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், இதற்குச் செலவே இல்லை. பிறகு புகை உணர்விகள். கம்பி இழுக்காமல் வைக்கும் வயர்லெஸ் வகை இருக்கிறது, கூரைப் பூவேலைக்கு நடுவே ஊசித்துளை வழியாகக் காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் வகையும் இருக்கிறது. பின்னது விலை கூட, ஆனால் உயரமான கூடத்துக்கு அதுதான் சரி.

கேள்வி: வேலை தொடங்கப் போகிறோம். பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் வேலை முடிந்த பிறகுதானே?

பதில்: அடக் கடவுளே, வேண்டாம். பழைய கட்டடத்துக்கு மிக மோசமான காலமே பழுதுபார்க்கும் காலம்தான். இங்கிலாந்தின் அப்பார்க் மாளிகை 1989-இல் எரிந்தது, கூரையில் ஈயத்தகடு வேலை நடந்தபோது. கோபன்ஹேகனின் பழைய பங்குச்சந்தைக் கட்டடம், 17-ஆம் நூற்றாண்டில் வணிகத்துக்கென்றே கட்டியது, 2024 ஏப்ரலில் சாரம் சுற்றி நின்ற நிலையில் எரிந்து கோபுரம் சரிந்தது. கிளாஸ்கோ கல்லூரி 2018-இல் இரண்டாம் முறை எரிந்ததும் சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான்.

ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வெல்டிங், கட்டிங், பெயிண்ட் உரிக்கும் சூட்டுத் துப்பாக்கி, எதுவானாலும் அன்றன்றைக்கு அனுமதிச் சீட்டு. வேலை முடிந்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் ஓர் ஆள் அங்கேயே இருந்து, பக்கத்து அறையையும் மேல்தளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு முடித்துவிட்டு ஐந்து ஐந்துக்குப் பஸ் ஏறும் வெல்டரை அனுமதிக்காதீர்கள், மதியத்துக்கு மேல் நெருப்பு வேலையே கூடாது என்று வைத்துவிட்டால் சண்டை மிச்சம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதைச் சூட்டில் உரிக்க விடாதீர்கள். தூசிக்காக உணர்விகளை மூடினால் மாலையில் மூடியைக் கழற்றியவர் பெயரும் நேரமும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.