15 வயது மகளுடன் வெளிநாடு: எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?

கணவரின் அலுவலகத்துக்கு அருகே சிறிய அடுக்குமாடி வீடா, புறநகரில் தோட்டத்துடன் பெரிய வீடா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சற்று ஓரமாக வைத்துவிட்டு முதலில் பள்ளியைப் பாருங்கள். பல நாடுகளில் அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது வீட்டு முகவரியைப் பொறுத்தது. ஒரே தெருவின் இரு பக்கங்களும் வேறு வேறு பள்ளிகளின் எல்லைக்குள் வரலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அந்தக் கதவு எண்ணைக் குறிப்பிட்டு, மகளின் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று பள்ளிக்கே எழுதிக் கேளுங்கள். வீட்டுத் தரகரின் வாய்மொழி போதாது.

பாடத்திட்டத்தையும் கவனியுங்கள். நம் பிளஸ் 1, பிளஸ் 2 போலப் பள்ளியின் கடைசி வகுப்புகளுக்கான ஐபி டிப்ளமா, ஏ லெவல் போன்றவை பொதுவாக 2 ஆண்டுப் படிப்புகள். நடுவில் நுழைவது கடினம். எந்த மாதம் போய்ச் சேருகிறீர்கள் என்பதும் இதனால் முக்கியமாகிறது.

இன்னொன்று, உங்கள் துணையில்லாமல் மகளால் வெளியே போய்வர முடியுமா? இரவில் பஸ் இல்லாத புறநகரில், தோழி வீட்டுக்குப் போவதற்குக்கூடக் கார்ச் சாவியோடு நீங்கள்தான் கிளம்ப வேண்டும். தோட்டத்தை அவள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள், அந்த வயது அப்படி! கூகுள் மேப்பில் வார நாள் காலை, சனிக்கிழமை இரவு என இரு நேரங்களுக்கும் பஸ், ரயில் வழிகளைத் தேடிப் பாருங்கள். கணவரின் பயணம் அரை மணி நேரம் கூடினால் அவர் சமாளித்துக்கொள்வார்.

முதலில் தற்காலிகமாக ஒரு வீட்டில் தங்கிப் பார்ப்பதும் நல்ல யோசனைதான். ஆனால் சில பள்ளிகள் குறுகிய கால வாடகை முகவரியை ஏற்பதில்லை. அதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.