மூச்சு முட்டாமலும் மூளை மயங்கும்

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. சென்ற ஆண்டு வீட்டிலேயே திடீரென்று இதயம் நின்றுபோய், மருத்துவமனையில் மீட்டுக் கொடுத்தார்கள். இப்போது நடக்கிறார், பேசுகிறார், 1985-இல் வேலைக்குச் சேர்ந்த நாளைப் பற்றி விவரமாகச் சொல்கிறார். ஆனால் எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு “எனக்கு இன்னும் பலகாரம் வைக்கவில்லையே” என்கிறார். மூளை முழுவதற்கும்தானே ஆக்சிஜன் போகவில்லை, நினைவு மட்டும் ஏன் கெட வேண்டும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மூளையின் எடை உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான், ஆனால் நாம் சும்மா படுத்திருக்கும்போதுகூட, உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. இத்தனை செலவாளியாக இருந்தும் அதற்குக் கையிருப்பு கிடையாது. தசைகளிலாவது மயோகுளோபின் என்ற புரதம் கொஞ்சம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும், மூளையோ அன்றாடங்காய்ச்சி. இதயம் நின்ற பத்து, பதினைந்து விநாடிகளுக்குள் ஒருவர் நினைவிழந்து சாய்வது இதனால்தான்.

நினைவு தப்புவது வேறு, நரம்புச் செல்கள் சாவது வேறு. ஒவ்வொரு நரம்புச் செல்லும், ஓட்டைப் படகில் அமர்ந்து ஓயாமல் நீர் இறைப்பவனைப் போல, உள்ளே கசியும் சோடியத்தை வெளியே இறைத்தபடியே இருக்கிறது. மூளையின் ஆற்றலில் பெரும்பகுதி இந்த இறைப்புக்கே போகிறது. ஆக்சிஜன் நின்றால் இறைப்பு நிற்கும். சோடியமும் நீரும் புகுந்து செல் வீங்கும், அதிலிருந்து குளூட்டமேட் என்ற தூண்டுபொருள் அளவின்றிக் கொட்டும், அதனால் அண்டைச் செல்களுக்குள் கால்சியம் வெள்ளமாய் நுழையும், அந்தக் கால்சியம் செல்லின் சொந்தச் சுவரையே அரிக்கும் நொதிகளை எழுப்பிவிடும். உடலின் இயல்பான வெப்பநிலையில், இரத்த ஓட்டம் நின்ற நான்கைந்து நிமிடங்களுக்கு மேல் மீளாச் சேதம் தொடங்கிவிடும் என்று சொல்வதன் பொருள் இதுதான்.

ஆனால் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. மூச்சை இயக்கும் மூளைத் தண்டு ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆகவேதான் சிலருக்கு மூச்சு தானாகத் திரும்பியும் சுயநினைவு திரும்புவதில்லை. சிறுமூளையின் பெரிய செல்கள் எளிதில் பழுதாவதால் வேறு சிலருக்கு நடை தள்ளாடும். மிகவும் நலிந்தது, காதுகளுக்கு உட்புறமாக, மூளையின் இரு பக்கங்களிலும் சுருண்டு கிடக்கும் ஹிப்போகேம்பஸ். அதன் ஒரு பகுதியிலுள்ள செல்கள் உடனே சாவதுகூட இல்லை. இரத்த ஓட்டம் சீராகி, வீட்டார் நிம்மதியடைந்த பின், இரண்டு மூன்று நாள் கழித்து உதிர்கின்றன. புதிதாக நடப்பதை நினைவாக மாற்றிப் பதியவைப்பது அந்த உறுப்பு. முன்பே பதிந்த பழைய நினைவுகளோ மூளையின் மேற்புறணியில் பரவலாகத் தங்கியிருக்கின்றன. எனவே 1985 நிற்கிறது, காலை இட்லி நிற்பதில்லை.

அவர் கேட்கும்போது “இப்போதுதானே சாப்பிட்டீர்கள்” என்று வாதாட வேண்டாம். அந்தக் காலைப்பொழுது அவரைப் பொறுத்தவரை உண்மையிலேயே நடக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு நாட்குறிப்பை வைத்து, சாப்பிட்டதை அவர் கையாலேயே நேரத்துடன் எழுதச் செய்யுங்கள். நீங்கள் சொல்வதைவிடத் தன் கையெழுத்தை அவர் எளிதில் நம்புவார். நரம்பியல் மருத்துவரிடம் நினைவாற்றல் சோதனையும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில், நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் இறங்கிய ஒருவர் சத்தமே போடாமல் சாய்ந்துவிட்டார். மூச்சு முட்டினால் கத்தியிருக்க மாட்டாரா?
– ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அன்று; இரத்தத்தில் கரியமில வாயு சேர்வதுதான். ஆக்சிஜன் மட்டும் குறைந்த காற்றைச் சுவாசிப்பவர் கரியமில வாயுவை வழக்கம்போல் வெளிவிட்டுக்கொண்டே இருப்பதால், அவருக்குத் தவிப்பு தோன்றாமலே போகலாம். ஆபத்தை உணர வேண்டிய மூளையே முதலில் மங்குகிறது.

இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சாட்சி பிரான்ஸ் நாட்டுக்காரர் ஒருவருடையது. 1875 ஏப்ரல் 15 அன்று பாரிசிலிருந்து ‘செனித்’ என்ற பலூனில் காஸ்தோன் திஸ்ஸாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் ஆகிய மூவர் 8,000 மீட்டருக்கும் மேல் ஏறினார்கள். ஆக்சிஜன் நிரப்பிய பைகள் கைக்கெட்டும் தொலைவிலேயே தொங்கின. ஆனால் குழாயை எடுக்க நினைத்தபோது திஸ்ஸாந்தியேவால் கையைத் தூக்க முடியவில்லை. 8,000 மீட்டர் வந்துவிட்டோம் என்று கூவ நினைத்தார், நாக்கு அசையவில்லை. அந்த வேளையில் தமக்கு வலியோ அச்சமோ இல்லை, உள்ளே ஒரு மகிழ்ச்சிதான் இருந்தது என்று பின்னர் எழுதினார். பலூன் இறங்கியபோது மற்ற இருவரும் இறந்திருந்தார்கள்.

கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் நச்சு வாயுக்களும் சேர்ந்துகொள்ளும். ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்தால் மூக்கின் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். “நாற்றம் போய்விட்டது” என்பது நல்ல செய்தி அன்று. விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தில் ஒரு பாதி உண்மை உண்டு: சுடர் அணைந்தால் இறங்கக் கூடாது. சுடர் எரிவதால் இறங்கலாம் என்று பொருளில்லை, ஏனெனில் நச்சு வாயுவைச் சுடர் காட்டிக்கொடுக்காது; எரியக்கூடிய வாயு இருந்தால் அதுவே தீப்பற்றவும் வைத்துவிடும். விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் அப்படியே இறங்குவதுதான் ஒரு சாவை இரண்டாக்குகிறது. தீயணைப்புத் துறையினர் சுவாசக் கருவியுடன் வரட்டும்.

கேள்வி: பனிக்கட்டிக்கு அடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்த பெண் பிழைத்தார் என்று படித்தேன். அப்படியானால் நான்கு நிமிடக் கணக்கு பொய்யா?
– ஒரு மாணவர், மதுரை

பதில்: பொய்யில்லை. 1999-இல் நார்வேயில் பனிச்சறுக்கின்போது ஓடையில் விழுந்த மருத்துவர் அன்னா போகன்ஹோல்ம் 80 நிமிடம் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கியிருந்தார். முதல் 40 நிமிடம் ஒரு காற்றுப் பொந்தில் சுவாசித்தபடி உடல் குளிர்ந்துகொண்டே போனது. இதயம் நின்றபோது மூளையின் தேவையும் மிகக் குறைந்திருந்தது. அவருடைய உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருந்தது. முதலில் குளிர்ந்து, பிறகு ஆக்சிஜன் நின்றதே அவரைக் காத்தது. நம் ஊர்க் குளத்து நீர் அப்படிக் குளிர்விக்காது. இங்கே மூழ்கியவரைக் கரையேற்றியதும், மூச்சு இல்லையெனில், வயிற்றை அமுக்கி நீரெடுப்பதிலும் தலைகீழாகச் சுற்றுவதிலும் அந்த நிமிடங்களைக் கழிக்காமல், வாயோடு வாய் வைத்து மூச்சூதி, நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும். 108-ஐ அழைப்பதை அருகிலிருக்கும் மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும்.