மேடையில் வளர்ந்த பிள்ளை – கடிதம்

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், சின்னவளுக்கு எட்டு வயது. மூத்தவள் சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் டிஸ்னி சேனலில், மைலி சைரஸ் என்ற பிள்ளை நடித்த ஹனா மொன்டானா தொடர் ஓடாத நாளே இல்லை. அந்தப் பிள்ளையின் படம் போட்ட புத்தகப் பைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினாள்.

போன மாதம் என் கணவரின் அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். அந்த மைலி சைரஸ் 2013இல் ரொபின் திக் என்ற பாடகரோடு மேடையில் ஆடிய வீடியோவை யாரோ டிவியில் போட்டுவிட்டார்கள். எனக்கு வயிற்றைப் பிரட்டியது. பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சின்ன வயதிலேயே காசும் பேரும் வந்தால் இப்படித்தான், வளர்ப்புச் சரியில்லை, தகப்பனே நடிப்பில் விட்டதன் பலன் என்றெல்லாம். மூத்தவள் மட்டும், “அவவுக்கு அப்ப இருபது வயசு. அவவின்ட விருப்பம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

அந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை என்பது என் பழைய காலத்துப் புத்தியா? இன்னொன்றும் இருக்கிறது. சின்னவள் டான்ஸ் வகுப்பு ஆண்டு விழாவுக்கு ஒரு சினிமாப் பாட்டுப் பழகுகிறாள். அந்தப் பாட்டின் வரிகளும் அசைவுகளும் என் மனதுக்கு ஒப்பவில்லை. டீச்சரிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் ஆடத்தானே போகிறார்கள் என்று கணவர் சொல்கிறார்.

வ.


அன்புள்ள தங்கைக்கு,

அந்த ஆட்டம் பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமையும் இருக்கிறது. எனக்கும் பிடிக்கவில்லை. 2013 ஓகஸ்ட் 25ஆம் திகதி, புரூக்ளினில் உள்ள பார்க்லேஸ் சென்டரில், எம்டிவி வீடியோ விருது விழாவில் நடந்தது அது. ஒரு பெரிய கரடிப் பொம்மைக்குள்ளிருந்து வெளியே வருகிறார். கரடி முகம் போட்ட உடுப்பு. பிறகு அதைக் கழற்றித் தோல் நிறத்தில் ஒரு உடுப்பு, நீட்டிய நாக்கு, விளையாட்டுப் போட்டிகளில் ரசிகர்கள் கையில் மாட்டும் பெரிய ஸ்பொன்ஜ் விரல். தான் இனிச் சின்னப் பிள்ளை இல்லை என்பதைச் சொல்ல அந்தப் பெண் எடுத்த வழி அது. ஒரே விஷயத்தை ஆறேழு நிமிடம் கத்திச் சொன்ன மாதிரி இருந்தது. நல்ல குரல் உள்ள பாடகி அவர். அன்றைக்கு அந்தக் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்றை அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள் அப்போதே எழுதினார்கள். பின்பக்கத்தைக் குலுக்கி ஆடும் அந்த ஆட்ட முறை நியூ ஓர்லியன்ஸ் கறுப்பின மக்களின் பவுன்ஸ் என்ற இசை வகையோடு வளர்ந்தது. மைலி அதை எடுத்துக்கொண்டார். சுற்றி ஆடிய கறுப்பினப் பெண்களையோ மேடைச் சாமான் மாதிரி நிறுத்தினார். ஒருவரின் பின்பக்கத்தில் தட்டவும் செய்தார். அந்தப் பெண்களும் கலைஞர்கள்தானே? அவர்களுடைய பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஆட்டத்தின் மீது வந்த விமர்சனங்களில் ஆகக் கனமானது இதுதான். ஆனால் உங்கள் மைத்துனர் வீட்டில் இதைப் பற்றி யாரும் கதைத்திருக்க மாட்டார்கள்.

ஆனபடியால் பிடிக்காமல் போனதில் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இத்தனை வருடமாக உறுத்துகிறது.

அன்றிரவு டுவிட்டரில் ஒரு நிமிடத்துக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் வந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. தொலைக்காட்சியைக் கண்காணிக்கும் பெற்றோர் அமைப்பு கண்டனம் விட்டது. அந்த ஸ்பொன்ஜ் விரலைக் கண்டுபிடித்தவர்கூட, தன் பொருளை அசிங்கப்படுத்திவிட்டார் என்று குறைப்பட்டார். எல்லாம் ஒரே ஆளின் மீது. மேடையில் நின்றது இரண்டு பேர் என்பதை நினைத்துப் பாருங்கள். மைலிக்கு வயது 20. பக்கத்தில் கோட் சூட் போட்டுப் பாடிக்கொண்டு நின்ற ரொபின் திக்குக்கு 36, கல்யாணம் முடித்தவர், ஒரு பிள்ளையின் தகப்பன். அவர் பாடிய பாட்டின் வரிகளே பெண்களின் சம்மதத்தைப் பற்றிக் கடுமையான விவாதத்தைக் கிளப்பியிருந்தன. சில வாரம் கழித்துத் தொலைக்காட்சிப் பேட்டியில் ஓப்ரா வின்ஃப்ரே கேட்டபோது, தான் பாடுவதில் கவனமாக இருந்ததாகவும், ஆட்டம் மைலியின் பொறுப்பு என்றும் சொல்லிக் கழன்றுகொண்டார். அவருடைய வளர்ப்பைப் பற்றி உங்கள் வீட்டுக் கூட்டத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

இதற்கு ஐந்து வருடம் முந்தி, 2008இல், இன்னொன்று நடந்தது. அப்போது மைலிக்கு 15 வயது. வேனிட்டி ஃபெயர் சஞ்சிகைக்காக அனி லீபோவிட்ஸ் என்ற மிகப் பெரிய புகைப்படக் கலைஞர் எடுத்த படம்: உடலைத் துணியால் போர்த்தி, முதுகு தெரிய உட்கார்ந்திருக்கிறாள் பிள்ளை. பெரிய கூச்சல் கிளம்பியது. யார் மன்னிப்புக் கேட்டது தெரியுமா? அந்தப் பிள்ளை. தன் ரசிகர்களிடம், வெட்கப்படுகிறேன் என்று. ஒரு 15 வயதுப் பிள்ளையைச் சஞ்சிகை விற்பதற்காகப் பயன்படுத்திவிட்டார்கள் என்று டிஸ்னி கோபப்பட்டது. அதே பிள்ளையின் முகத்தைப் பையிலும் பொம்மையிலும் உடுப்பிலும் போட்டு உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருந்ததும் டிஸ்னிதான். பத்து வருடம் கழித்து, 2018இல், கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்குகிறேன் என்று மைலி பகிரங்கமாக எழுதினார். அதை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இதை அமெரிக்காக்காரர்களின் கதை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. காரணம், நம்முடைய மண்டபங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

டிசம்பர் வந்தால் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் மொண்டிசோரிகளின் கலை விழாக்கள் தொடங்கும். அப்படி ஒன்றில் ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒரு குத்துப்பாட்டுக்கு ஆடினார்கள். தொப்புள் தெரியக் கட்டிய பாவாடை, சிவப்பு லிப்ஸ்டிக், கண்ணுக்கு மை. இடுப்பை வெட்டும் இடம் வந்ததும் ஒரு பிள்ளை மறந்துவிட்டது. திரைக்குப் பக்கத்தில் நின்ற டீச்சர் தன் இடுப்பை ஆட்டிக் காட்ட, பிள்ளை அதைப் பார்த்துச் செய்தது. மண்டபம் முழுக்க ஒரே சிரிப்பும் விசிலும். முன்வரிசையில் ஐயாமாரும் அப்பம்மாமாரும் கைதட்டினார்கள். தகப்பன்மார் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முடிய, “என்ன வடிவா ஆடுது பிள்ளை” என்றார்கள். அந்தப் பாட்டின் வரியைத் தாளில் எழுதி யாரிடமாவது கொடுத்திருந்தால் சத்தமாக வாசித்திருக்க மாட்டார்கள்.

பரதநாட்டிய அரங்கேற்றத்தையும் யோசித்துப் பாருங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை வர்ணம் என்ற நீண்ட உருப்படியில், தலைவன் வரவில்லை, படுக்கை சுடுகிறது, தோழி நீ போய்க் கூட்டி வா என்று அபிநயம் பிடிக்கிறாள். நான் வர்ணத்தின் எதிரி இல்லை. அது பெரிய கலை, பக்தியும் சிருங்காரமும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடப்பது. என் கவலை பார்க்கிறவர்களைப் பற்றி. பிள்ளைக்கு அந்த ஏக்கம் என்னவென்று தெரியாது, குரு சொல்லிக் கொடுத்த மாதிரிக் கண்ணையும் புருவத்தையும் அசைக்கிறது என்பது சபைக்குத் தெரியும். அதனால்தான் எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டுகிறோம். அதே பெண் இருபத்திரண்டு வயதில், அந்த உணர்வு என்ன என்று தெரிந்து, தானே ஒரு பதத்தைத் தெரிந்தெடுத்து, உடல் கூசாமல் ஆடினால் அடுத்த நாள் வரும் தொலைபேசி அழைப்புகள் வேறு மாதிரி இருக்கும்.

சினிமாவில் இது இன்னும் பச்சையாக நடந்தது. நாலைந்து வயதில் முருகன் வேஷம் போட்டு நமக்கெல்லாம் செல்லப் பிள்ளையான ஸ்ரீதேவி, 1976இல் ‘மூன்று முடிச்சு’ படத்தில் கமலுக்கும் ரஜினிக்கும் நடுவில் கதாநாயகியாக நின்றபோது அவருக்கு 13 வயது. அவருடைய திறமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்த வயதைப் பற்றி நம்மில் யார் கோபப்பட்டார்கள்?

நான் சொல்ல வருவது இதுதான், தங்கச்சி. அசைவு நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. விவரம் தெரியாத பிள்ளை பெரியவர்கள் சொல்லி அதைச் செய்தால் ரசிக்கிறோம். விவரம் தெரிந்த பெண் தன் முடிவாக அதைச் செய்தால் கல் எறிகிறோம். நியாயப்படி எங்கே கோபம் வர வேண்டுமோ அங்கே வருவதில்லை. 2013இல் மைலி மீது பாய்ந்த கூட்டத்தில் பெரும்பகுதி ஹனா மொன்டானாவைத் தன் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த கூட்டம். காசு கொடுத்து வாங்கிய பொம்மை திரும்பிப் பேசிய அதிர்ச்சி அதில் இருந்தது.

கொழும்பிலும் பார்த்தோம். 2015 டிசம்பரில் என்ரிக்கே இக்லேசியாஸ் இங்கே பாட வந்தபோது, சில பெண்கள் மேடைக்கு ஓடிப் போனதும் உள்ளாடையை வீசியதும் நாட்டுப் பிரச்சினையாகிவிட்டது. அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, அந்தப் பெண்களை அடிக்கச் சொல்லவில்லை, ஆனால் இதை ஏற்பாடு செய்தவர்களைத் திருக்கை வாலால் அடிக்க வேண்டும் என்று மேடையில் பேசினார். ஒரு நாட்டின் தலைவர் வாயிலிருந்து வந்த பேச்சு. பெண்களுக்கு அநாகரிகமானவர்கள் என்ற பட்டமும் கிடைத்தது. அதே மேடையில் நின்ற பாடகரைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அக்கறையோடு பேசியவர்களும் இருந்தார்கள் என்பதை விட்டுவிடக் கூடாது. அயர்லாந்துப் பாடகி சினேட் ஓ’கானர் 2013 ஒக்டோபரில் மைலிக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். ஒரு தாய் எழுதும் தோரணையில், உன் உடம்பை விற்றுக் காசு பார்க்கிறவர்கள் உன்னைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள், உன் திறமை அதைவிடப் பெரியது என்று. அவர் 1992இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாப்பரசரின் படத்தைக் கிழித்துவிட்டு வருடக்கணக்கில் அடி வாங்கியவர். கூட்டம் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். காசு பண்ணுகிறவன் யார் என்று கேட்ட மிகச் சிலரில் அவர் ஒருவர். மைலி அதற்கு நல்ல விதமாகப் பதில் சொல்லவில்லை. சினேட்டின் மனநலப் பிரச்சினையைக் கேலி செய்தார். அதில் மைலிக்காக வாதாட நான் வரமாட்டேன். சினேட் 2023இல் இறந்துபோனார்.

சரி, மைத்துனர் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் மூத்த மகளுக்கு இப்போது அந்த மேடையில் நின்ற மைலியின் வயது, அல்லது ஒன்றிரண்டு கூட. அவள் அன்றைக்கு டிவியைப் பார்த்ததைவிட, சுற்றியிருந்த மாமாமாரும் பெரியம்மாமாரும் கதைத்ததைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். நாளைக்குத் தான் ஏதாவது ஒன்று செய்தால், ஒரு உடுப்போ, ஒரு சிநேகிதமோ, தன்னைப் பற்றியும் இதே வாய்கள் இதே மாதிரித்தான் கதைக்கும் என்பது அவளுக்கு விளங்கியிருக்கும். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அவளை அதிகம் நோகச் செய்திருக்கும். உங்களுக்கு ஏன் அந்த ஆட்டம் பிடிக்கவில்லை என்பதை அவளிடம் நேராகச் சொல்லுங்கள். விருப்பம் என்ற ஒரு சொல்லோடு கதை முடியாது, பின்னால் ஆடிய அந்தக் கறுப்பினப் பெண்களையும் பார் என்று அவளோடு வாதாடுங்கள். அவள் வாதாடட்டும். ஆனால், வளர்ப்பைப் பற்றி அவர்கள் சொன்னது எனக்குச் சம்மதமில்லை என்பதையும் அவள் காதில் விழச் சொல்லிவிடுங்கள்.

சின்னவளின் விஷயத்தில் தயக்கமே வேண்டாம். மைலியைப் பார்த்து உங்களுக்கு வந்த வயிற்றுப் பிரட்டலுக்குச் சரியான இடம் அந்த டான்ஸ் வகுப்புத்தான். இந்த வாரமே டீச்சரிடம் தனியாகக் கதையுங்கள். கோபமாக வேண்டாம், பெரும்பாலான டீச்சர்மார் பெற்றோர் கேட்கிறார்கள் என்றுதான் அந்தப் பாட்டுகளை எடுக்கிறார்கள். பாட்டை மாற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த இரண்டு மூன்று அசைவுகளையாவது எடுக்கச் சொல்லுங்கள். வீடியோவை யாரும் பேஸ்புக்கிலோ டிக்டொக்கிலோ போடக் கூடாது என்று எல்லாப் பெற்றோருக்கும் முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லுங்கள். கட்டாயம் இன்னும் இரண்டு தாய்மார் இதையே நினைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பார்கள், அவர்களையும் கேட்டுப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் துள்ளிக் குதித்து ஆட மட்டக்களப்பு வசந்தன் பாட்டுகள் இருக்கின்றன, கோல் அடித்து ஆடலாம், வயல் வேலையைப் பற்றி வரும் பாட்டுகள் நல்ல வேகம். டீச்சர் சம்மதித்தால் எழுதுங்கள், என்னிடம் இருக்கும் ஒலிப்பதிவுகளை அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா