பழனி மலையில் பறவைகளுக்கு வளையம்: தன்னார்வலர்கள் கேட்டவை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் கொடைக்கானல் பக்கம் வலை விரித்துப் பறவைகளைப் பிடித்து, அளந்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடும் வேலையைத் தொடங்குகிறோம். எங்கள் குழுவில் இருப்பவர்களும் புதிதாகச் சேர நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, நான் வந்தால் முதல் நாளே பறவையைக் கையில் பிடிக்கலாமா? (கல்லூரி மாணவி, பண்ணைக்காடு)

முடியாதும்மா. முதல் பருவம் முழுக்க நோட்டும் பென்சிலும்தான். வளைய எண், இறக்கை நீளம், கணுக்கால் நீளம், எடை, கொழுப்பு, இறகு உதிர்வு என நாங்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுத வேண்டும். எழுதியதை உரக்கத் திருப்பிப் படித்துக் காட்டவும் வேண்டும். ஒரு இலக்கம் மாறினால் அந்தப் பறவையின் வரலாறே வேறொன்றின் பெயரில் போய்விடும். இதை நான் சின்ன வேலையாக நினைக்கவே இல்லை.

வலையில் சிக்கினால் பறவைக்கு அடிபடாதா? (ஆசிரியை, பூம்பாறை)

கேட்க வேண்டிய கேள்வி. வலை விரிப்பதைவிட அதை எப்போது சுருட்டுவது என்று தெரிவதுதான் பெரிய விஷயம். தூறல் விழுந்தாலோ காற்று எழுந்தாலோ உடனே சுருட்டிவிடுவோம். ஜனவரியில் இங்கே உறைபனி விழும். நனைந்த வலையில் தொங்கும் பத்து கிராம்கூட இல்லாத கதிர்க்குருவி சீக்கிரம் விறைத்துப்போகும். அதனால் வலையில் ஈரம் காயும்வரை காத்திருக்கிறோம். அப்புறம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, குளிர் அதிகமென்றால் இன்னும் அடிக்கடி, வலையைச் சுற்றி வருவோம். சோலைக்கிளி (பெயரில்தான் கிளி; சோலைக்காட்டில் வாழும் சிறு குருவி இது) தரையோரமாகப் பறப்பது. ஆகவே பறவை வந்து விழும் வலையின் கீழ்ப்பை ஈரத் தரையைத் தொடாதபடி உயர்த்திக் கட்ட வேண்டும். வெள்ளைக்கண்ணிக் குருவிகள் கூட்டமாக வந்து விழுந்தால் எல்லாவற்றுக்கும் வளையமிட ஆசைப்படக் கூடாது. கைக்கு அடங்காத எண்ணிக்கை என்றால் அளக்காமலே விட்டுவிடுவோம். பறவைக்குப் பிறகுதான் தகவல்.

எங்கள் தோட்டத்தில் செத்துக் கிடந்த குருவியின் காலில் வளையம் இருந்தது. யாரிடம் சொல்வது? (காபி விவசாயி, தாண்டிக்குடி)

ஐயா, அந்த வளையத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். கிடைத்த தேதி, இடம், எப்படிக் கிடந்தது என்று குறித்து, வளையத்தில் பொறித்திருக்கும் அமைப்புக்கு அனுப்புங்கள். இந்தியாவில் இடப்பட்ட வளையம் என்றால் பெரும்பாலும் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பெயர் இருக்கும். 1927-லேயே வளையமிடத் தொடங்கியவர்கள் அவர்கள். 1959-ல் சாலிம் அலி தலைமையில் வலசை ஆய்வு பெரிய அளவில் நடந்தது. நம் கோடியக்கரையும் அந்த வேலையில் முக்கியமான இடம். உயிரோடு இருக்கும் பறவை என்றால் வளையத்தைக் கழற்றாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

சோலைக்கிளி வலசை போகாத பறவை. அதற்கு எதற்கு வளையம்? (மன்னவனூர்)

அதற்குத்தான் எனக்கு அதிக ஆர்வம்! உலோக வளையத்தோடு நிற வளையங்களும் போட்டால், மறுபடி பிடிக்காமல் பைனாகுலரிலேயே எந்தப் பறவை என்று சொல்லலாம். ஒரு ஆண் எத்தனை வருடம் அதே ஓடையோரத்தைத் தன் எல்லையாக வைத்திருக்கிறது, ஒரு துண்டுச் சோலையிலிருந்து பைன், வாட்டில் மரத் தோப்புகளைத் தாண்டி அடுத்த சோலைக்குப் போகிறதா என்பதெல்லாம் இப்படித்தான் தெரியவரும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இருப்பது ஒரு இனம், தெற்கே நம் மலையில் இருக்கும் வெண்வயிற்றுச் சோலைக்கிளி இன்னொரு இனம். இவற்றுக்கென்றே 2017-ல் ஷோலிகோலா என்று தனிப் பேரினம் வகுத்தார்கள். சோலை துண்டானால் இவற்றுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

ஜிபிஎஸ் கருவி பொருத்தினால் என்ன? (வத்தலக்குண்டு)

கருவியின் எடை பறவையின் எடையில் 3 முதல் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான நெறி. 8 கிராம் கதிர்க்குருவிக்கு 0.4 கிராமைத் தாண்டக் கூடாது. வளையம் அதைவிட மிக லேசானது, மலிவானது.

வளையம் காலம் முழுக்கத் தொந்தரவு தராதா?

சரியான அளவு போட்டால் தராது. பசிபிக் கடலில் உள்ள மிட்வே தீவில் 1956-ல் வளையமிட்ட விஸ்டம் என்ற பெண் ஆல்பட்ராஸ் கடற்பறவை 2024 இறுதியிலும் முட்டையிட்டது. தேய்ந்த வளையத்தை மட்டும் அவ்வப்போது மாற்றியிருக்கிறார்கள்.

நாங்களே வலை வாங்கி ஊரில் பழகலாமா அண்ணன்களோடு? (பள்ளி மாணவன், வில்பட்டி)

வேண்டாம் தம்பி. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிப் பறவையைப் பிடிப்பது வேட்டையாகவே கருதப்படும். ஆய்வுக்கென்றாலும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி கட்டாயம். இப்போதைக்கு பைனாகுலரோடு வா. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உன் தெருவை நீ பார்த்துக்கொள். பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததை இ-பேர்டு செயலியில் பதிவு செய்தால் போதும். சாம்பல் வாலாட்டி உங்கள் ஊர் வாய்க்காலுக்கும் வந்திருக்கும்.