கேளுங்க, சொல்றேன்: லிஸ்ட் இருக்கு, நேரம் எங்க?

கேள்வி (வாசகி, மந்தைவெளி): தரமணில ஐடி வேலை. செய்ய வேண்டியதை எல்லாம் கூகுள் கீப்ங்கற குறிப்பு ஆப்ல எழுதி வைக்கிறேன், இப்ப 43 ஐட்டம் நிக்குது. ஆபீஸ்ல ஒருத்தங்க சொன்னாங்கன்னு காலண்டர்ல டைம் பிளாக்கிங்கும் போட்டேன், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் முன்னாடியே இவ்ளோ நேரம்னு ஒதுக்கி, காலைல 5ல இருந்து ராத்திரி 10 வரைக்கும் கலர் கலரா. ரெண்டு நாள் ஓடுச்சு. மூணாவது நாள் தண்ணி லாரி வந்துச்சு, மொத்தமும் போச்சு. எனக்குத்தான் ஒழுங்கு பத்தலையா, இல்ல இதெல்லாம் நமக்கு சரிப்படாதா?

பதில்: லாரியை திட்டாதீங்கம்மா, உங்களையும் திட்டிக்காதீங்க. நேரத்தை வெட்டி வைக்கிறது நம்மூருக்கு புதுசா என்ன? வீட்ல மாட்டியிருக்கிற கிழிக்கிற காலண்டரைப் பாருங்க. திங்கள்னா ராகு காலம் ஏழரை டு ஒம்போது, வெள்ளின்னா பத்தரை டு பன்னெண்டு, காலை 6ல இருந்து சாயங்காலம் 6 வரைக்கும் பகலை எட்டா வெட்டி ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், ஆனா அந்தத் தாள் எமகண்டம் குளிகைன்னு கொஞ்சத்தை மட்டும் குறிச்சுட்டு மிச்ச பகலை நம்ம கிட்டயே விட்டுடுது பாருங்க. நீங்க 17 மணி நேரத்தையும் அடைச்சு வச்சீங்க, அப்புறம் லாரி எங்க நிக்கும்?

இன்னொண்ணு, எந்த வேலைக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு நாம போடற கணக்கு எப்பவுமே கம்மியாத்தான் இருக்கும். டேனியல் கானமன், ஆமாஸ் ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியல்காரங்க 1979லயே இதுக்கு பிளானிங் ஃபேலஸின்னு பேர் வச்சுட்டாங்க. போன தடவ இதே வேலை ரெண்டு மணி நேரம் இழுத்துச்சுன்னு நல்லா தெரியும், தெரிஞ்சும் இந்த தடவ ஒரு மணி நேரம் போதும்னு எழுதுவோம். ரசம் வைக்க பத்து நிமிஷம்பாங்க, புளி ஊறற நேரத்தை யாராவது சேக்கறாங்களா? அதனால முதல் ஒரு வாரம் பிளானே போடாதீங்க, எது எப்ப ஆரம்பிச்சு எப்ப முடிஞ்சதுன்னு மட்டும் போன்ல குறிச்சுக்கிட்டு வாங்க.

அந்த 43க்கு வருவோம். லிஸ்ட்ல ஏத்திட்டாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி ஒரு சந்தோஷம் வரும், எனக்கும் வரும். தீபாவளிக்கு முன்னாடி 'பல் டாக்டர்'னு எழுதினேன், பொங்கல் வரைக்கும் அது அப்படியே கிடந்துச்சு, தினம் அதைத் தாண்டித்தான் கீழ போவேன், பல்லும் வலிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. அப்புறம் அதையே 'செவ்வாய் 11.15, கிளினிக்குக்கு போன், சனிக்கிழமை டைம் கேக்கணும்'னு மாத்தினேன். நாலு நிமிஷத்துல முடிஞ்சுது. மூணு மாசம் நான் தூக்கிச் சுமந்தது அந்த நாலு நிமிஷத்தை!

உங்களுக்கும் அதேதான். கீப் குடோனா இருக்கட்டும், அதுல 43 என்ன 400 கூட இருக்கலாம். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அதுல இருந்து மூணே மூணு எடுத்து கூகுள் டாஸ்க்ஸ்ல தேதியும் மணியும் போட்டு வைங்க, அது தானா உங்க கூகுள் காலண்டர்லயே வந்து உக்காந்துக்கும். தலையைக் குடையற வேலை ஒண்ணுக்கு ஒன்றரை மணி நேரம், மீட்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. அப்புறம் தினம் ஒரு மணி நேரம் சும்மா ஒரு பிளாக், அதுக்கு 'தண்ணி லாரி'ன்னே பேர் வைங்க. லாரி வந்தா அதுக்கு, வரலைன்னா காலைல வழிஞ்சது அதுல போகும். பறக்கும் ரயில்ல போற நேரத்துக்கு மட்டும் தயவுசெஞ்சு எதுவும் போடாதீங்க, ஜன்னல் ஓரம் கிடைச்சா வெளிய பாத்துக்கிட்டுப் போங்க.

கேள்வி (டிஎன்பிஎஸ்சி படிக்கும் வாசகர், கொளத்தூர்): 25 நிமிஷம் படி, 5 நிமிஷம் ரெஸ்ட்ங்கறாங்களே, பொமோடோரோ, அது நல்லதா சார்? கணக்கு போடும்போது பாதில மணி அடிச்சு கடுப்பேத்துது.

பதில்: அது ஃபிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலிக்காரர் 1980கள் கடைசில காலேஜ்ல படிக்கும்போது, தக்காளி வடிவ கிச்சன் டைமரை வச்சு ஆரம்பிச்சது. பொமோடோரோன்னா அவங்க ஊர்ல தக்காளி. நம்ம நாழிகை 24 நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்தான் வித்தியாசம் தம்பி. படிக்க உக்காரவே மனசு வரலைன்னா ஒரு நாழிகை வைங்க, நடப்பு நிகழ்வு மனப்பாடம் பண்ண அது போதும். கணக்குக்கு ரெண்டு நாழிகை சேத்து வைங்க, மணி அடிக்கும்போது போட்டுக்கிட்டிருக்கிற கணக்கை முடிச்சுட்டே எழுந்திரிங்க. போனை மட்டும் வேற ரூம்ல வைங்க, டைமருக்கு அம்மாவோட அலாரம் கடிகாரம் போதும்.

கேள்வி (ரிட்டயர்டு வாசகர், மேற்கு மாம்பலம்): இதுக்கெல்லாம் ஆப் எதுக்கு? நான் 30 வருஷமா காலண்டர் தாள்ல பேனாவாலதான் எழுதறேன்.

பதில்: அப்படியே எழுதுங்க சார். தாள் அலாரம் அடிக்காது, அது ஒண்ணுதான் குறை. பிபி மாத்திரைக்கும், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வர்ற ஈபி பில்லுக்கும் மட்டும் பேரன்கிட்ட குடுத்து போன்ல ரிப்பீட் போட்டு வாங்கிக்குங்க. பால் கணக்கு காலண்டர்லயே இருக்கட்டும்.